சிவப்புத் தையல் நாலு

சுகாதார அமைச்சகத்தின் நூற்றாண்டுக் கண்காட்சி திறக்க இன்னும் அரைமணி இருந்தது. துப்புரவுக்காரி கண்ணாடிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். சுவரில் பதினேழு அமைச்சர்கள் வரிசையாகச் சிரித்தார்கள். காலராவை ஒருவர் விரட்டியிருந்தார், அம்மையை இன்னொருவர். நோய்கள் எல்லாம் அமைச்சர்களின் முகத்தைப் பார்த்துத்தான் ஓடியிருந்தன.

வாசலோர நாற்காலியில் அவள் புருஷன் இருமிக்கொண்டிருந்தார். இருபது வருஷம் தினக்கூலியாகக் கொசுமருந்து அடித்த நெஞ்சு. அமைச்சகத்தின் நெஞ்சுநோய் மருத்துவமனையில் பழைய பணியாளர்களுக்குப் படுக்கை உண்டு. இவர் பணியாளர்தான் என்று எழுத்தர் ஒரு சான்று எழுதித் தர வேண்டும். ஏழு மாதமாக நடக்கிறார்கள்.

நாலாவது பெட்டியில் அவள் கை நின்றது. உள்ளே, முதுகில் மாட்டும் பித்தளை மருந்துப் பம்பு. தோள்வாரில் நீலச் சேலைக்கரை சுற்றித் தைத்திருந்தது. அவர் தோள் புண்ணானபோது அவள் கிழித்துத் தைத்தது. வெள்ளை நூல் தீர்ந்து, கடைசி நாலு தையல் சிவப்பு.

"இங்க வாங்களேன். உங்க பம்பு!"

அவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "அடேயப்பா, என்னைவிட நல்லா இருக்கே."

கீழே அட்டை: 'கொசு ஒழிப்பு இயக்கத்தை அமைச்சர் தம் கையால் தொடங்கிவைத்த பம்பு.'

"குழாயைத்தான் அவர் பிடிச்சாரு. பம்பு என் முதுகுல. அவருக்கு மூக்குக்குத் துணி கட்டினாங்க. எனக்குன்னு கேட்டேன், நீ பழகினவன்தானேன்னாங்க."

எழுத்தர் பரபரப்பாக வந்தார். அவள் விடவில்லை.

"சார், இந்த வாரு நான் தைச்சது. சிவப்புத் தையல் நாலு, எண்ணிப் பாருங்க. இன்னும் என்ன சாட்சி வேணும்?"

"பம்பு பதிவேட்டுல இருக்கும்மா. இவர் இல்லையே. தினக்கூலிக்கு ஏது பதிவேடு? இல்லாத ஆளுக்கு நான் எப்படி எழுதறது?"

"அப்போ பம்பு தானா தெருத்தெருவா நடந்துச்சா?"

புருஷனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது, இருமல் கண்ணாடியில் தெறித்தது. சில புள்ளிகள் சிவப்பு.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம்.

"ஐயோ, அமைச்சர் வந்தாச்சு! துடைம்மா! இவரைப் பின்வாசல் வழியா அனுப்பு!"

அவள் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். பம்புக்குப் பக்கத்தில், ஊசியில் குத்திவைத்த கொசுவுக்குக் கீழே அதன் முழுப்பெயரும் பிடிபட்ட ஊரும் வருஷமும் பளிச்சென்று தெரிந்தன.