மாத்திரை யாருக்கு?

முத்துராணிக்கு இது ஐந்தாம் மாதம். முந்தின இரண்டும் மூன்று மாதம் தாண்டவில்லை, பிள்ளைகளா. அதனால் இந்தத் தடவை ஊர் நர்சம்மாவிடம் பதிந்ததோடு சரி, வேறு யாருக்கும் சொல்லவில்லை. கண்ணு பட்டுவிடும் என்று புருஷன் கொம்பையாவுக்குப் பயம். தன்னோடு வாழைத்தார் ஏற்றுகிறவர்களிடம்கூட அவன் மூச்சு விடவில்லை.

மணிமுத்தாற்றுப் பக்கம் சாரல் அடித்த வாரம் அவளுக்குத் தொண்டை வலி வந்தது. எச்சில் விழுங்கினால் முள் குத்துகிற மாதிரி. கொம்பையா கடைத்தெரு மெடிக்கலுக்கு ஓடி, நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்து வாங்கி வந்தான்.

செம்பைக் கையில் எடுத்தவள் குடிக்காமல் கேட்டாள்.

"யாருக்குன்னு சொல்லி வாங்குனிய?"

"எனக்குன்னுதான். கடையில எம்புட்டுக் கூட்டம் தெரியுமா?"

"ஒங்களுக்கா மாசம்?" வலியிலும் சிரித்துவிட்டாள். சட்டென்று சிரிப்பு நின்றது. "ஒங்க ஒடம்புக்குக் குடுத்தது எம்புள்ளைக்கு ஆவுமா? போய்க் கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் இது என் வாய்க்குள்ள போவாது."

திரும்பப் போனான். கூட்டம் குறையவில்லை.

"அண்ணாச்சி, இந்த மாத்திரை எனக்கில்ல. வீட்ல அவளுக்கு..." குரல் உள்ளே போனது.

"சத்தமாச் சொல்லுலே," என்றார் கடைக்காரர் பெருமாள்ராஜ்.

கொம்பையா கண்ணை மூடிக்கொண்டான். "எம் பொண்டாட்டி அஞ்சு மாசம் முழுகாம இருக்கா!"

கடையே திரும்பிப் பார்த்தது. பெருமாள்ராஜ் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"நல்லவேளை முழுங்கல! இதுல இருக்க வலி மாத்திரை மாசமா இருக்கவங்களுக்கு ஆவாது. முதல்லயே சொன்னா என்னலே? ஆஸ்பத்திரிக்குப் பைய கூட்டிட்டுப் போ."

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். காய்ச்சல் அடித்தாலோ, விழுங்க முடியாமல் போனாலோ, இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலோ உடனே வரச் சொன்னார். கேட்காமல் எந்த மாத்திரையும் வேண்டாம் என்றார்.

அவர்கள் திரும்புவதற்குள் சேதி தெருவுக்கு வந்துவிட்டது. அவனோடு வாழைத்தார் ஏற்றுகிற செல்வமணி வழியை மறித்தான்.

"ஏலே, எங்ககிட்டயே மறைச்சிட்டியே! அப்பனாவப் போறவன் நடையப் பாரு!"

நேற்றென்றால் கொம்பையா தலையைக் குனிந்திருப்பான். இன்று நெஞ்சை நிமிர்த்தினான்.

"என்னை விடுலே. நான் கொண்டாந்த மாத்திரைய முழுங்காம, யாருக்குன்னு கேட்டா பாரு, அவளப் பாரு. எம்புள்ளைக்குக் காவல் அவதாம்லே."

முத்துராணி வயிற்றை மறைத்திருந்த முந்தானையை ஒதுக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, தெரு பார்க்க நடந்தாள்.