தொண்ணூற்றேழு முதல் நூற்றுநான்கு வரை

நூலகத்தின் பின்னறையில் நாற்பது நாற்காலி. வந்தவர்கள் நாற்பத்தாறு பேர். அதில் முப்பது பேர் எழுத்தாளரைப் பார்க்க வந்தவர்கள். மீதிப் பேர், எழுத்தாளரைப் பார்க்க யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க வந்தவர்கள்.

எல்லோரும் எதிர்பார்த்தது ஓர் ஆண் எழுத்தாளரை. புனைபெயர் அந்த மாதிரி. தாடி இருக்கும், கண் சிவந்திருக்கும், கிட்டே போனால் நெடி அடிக்கும் என்று ஆளாளுக்கு ஒரு படம் வரைந்து வைத்திருந்தார்கள். பதினொரு மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, நேராக மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவள் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். ஐம்பதைத் தொடப் போகிற வயது. இஸ்திரி போட்ட பருத்திப் புடவை.

"அக்கா, அது எழுத்தாளரோட சேர்" என்றார் முதல் வரிசையில் ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தவர்.

"தெரியும். பதினாலு வருஷமா எழுதுறேன். இன்னைக்குத்தான் உக்கார்றேன்."

பாதிப் பேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்கள். அந்தக் கண்ணாடிகளும் அவள் போட்டுக் கொடுத்தவைதான்.

அவள் எழுதுவது காமமும் இருட்டும் கலந்த கதைகள். இந்த நாவலில் ஒரு விதவை, பூட்டு ரிப்பேர் செய்கிறவனை வாரம் ஒரு நாள் வரச் சொல்லி, தன்னை உள்ளே விட்டு வெளியிலிருந்து பூட்டச் சொல்கிறாள். எப்போது திறப்பது என்பது அவன் இஷ்டம். திறந்த பிறகு நடப்பது அவள் இஷ்டம். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். கடைசி வரை யாரும் திருந்துவதில்லை. நூலகத்தில் இருந்தது ஒரே பிரதி. அதற்குப் பதினேழு பேர் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள். போட்டித் தேர்வு வழிகாட்டிக்குக்கூட அங்கே அவ்வளவு நீளமான வரிசை நின்றதில்லை.

அந்த வரிசைக்கு இன்று பன்னிரண்டு மணிக்கு ஒரு முடிவு கட்டப் போகிறார்கள். புத்தகத்தின் மேல் புகார் வந்திருந்தது. நூலகக் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற பத்திரப் பதிவாளர், தடித்த தாளில் ஒரு மன்னிப்புக் கடிதம் தயாரித்து வைத்திருந்தார். எழுத்தாளர் கையெழுத்துப் போட்டால் புத்தகம் உள் அலமாரியில் இருக்கும், கேட்பவர்களுக்குக் கிடைக்கும். போடாவிட்டால் பட்டியலிலிருந்தே நீக்கம். கையெழுத்துக்காகத்தான் பதிப்பகம் வழியாக அவளை வரவழைத்தது. கலந்துரையாடல் என்பது டீ மாதிரி, சும்மா கூடச் சேர்த்தது.

பதிவாளர் மேஜையின் மறுகோடியில் இருந்தார். அவள் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து அவர் கையில் இருந்த ஃபைல் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. முகம் சுண்ணாம்பு. காரணம் அறையில் மூன்று பேருக்குத் தெரியும்: அவருக்கு, அவளுக்கு, ஹெல்மெட்காரர் பக்கத்தில் கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்த அவள் நாத்தனாருக்கு. நாத்தனார்தான் கடையில் லென்ஸ் தேய்ப்பவள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை மட்டும் நம்பி அவள் பவர் எழுதமாட்டாள். தினமும் எதைப் படிக்கிறீர்களோ அதையே கொண்டுவாருங்கள் என்பாள். ஜோசியர் பஞ்சாங்கம் கொண்டுவருவார், மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டை கொண்டுவருவார். லென்ஸை மாற்றி மாற்றிப் போடப் போட, அவர்கள் சத்தமாக வாசிக்க வேண்டும். எந்த லென்ஸில் திக்காமல் ஓடுகிறதோ அதுதான் பவர். கொண்டுவந்தது என்ன என்பதையும் வாடிக்கையாளர் அட்டையில் குறித்துக்கொள்வாள்.

மூன்று வாரம் முன்னால் பதிவாளர் வந்தார். ஃபைலைத் திறந்து, மடித்து வைத்திருந்த நாலு தாளை எடுத்தார். "பொடி எழுத்தும்மா. பழைய பத்திரம் மாதிரி." பிறகு, நிலத்துக்கு நான்கெல்லை வாசிக்கிற அதே குரலில் ஆரம்பித்தார்: "அவன் சாவியை மேஜைமேல் வைத்தான். அவள் அதைப் பார்க்கவில்லை. அவன் கழுத்தைப் பார்த்தாள்."

லென்ஸைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அது அவள் எழுதிய வரி. எழுதி நாலு வருஷம் ஆகிறது. வாய்விட்டு யாரும் வாசித்து அவள் கேட்டதே இல்லை. உள்ளே லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டாள்.

"இது தெளிவா இருக்கா சார்?"

"இன்னும் ரெண்டு பக்கம் படிச்சாத்தாம்மா சொல்ல முடியும்."

எட்டுப் பக்கமும் படித்தார். பவர் முதல் பக்கத்திலேயே சரியாக இருந்தது.

அதைக் குறித்து வைத்த வாடிக்கையாளர் அட்டைதான் இப்போது நாத்தனாரின் கைப்பைக்குள். காலையில் கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்: "அண்ணி, அந்த ஆளு வாயத் திறக்கட்டும், நான் பையத் திறக்கறேன்."

"திறந்தா உன்னோட பேசமாட்டேன்."

"எத்தன நாளு?"

"லென்ஸ் நீதான தேய்க்கணும். அதனால ரெண்டு நாளு."

கலந்துரையாடல் தொடங்கியது. முதல் கேள்வி ஹெல்மெட்காரருடையது. "அக்கா, இதெல்லாம் உங்க சொந்த அனுபவமா?"

"கொலைக்கதை எழுதுறவர்கிட்ட இப்படிக் கேப்பீங்களா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"பயமா இருக்கும்."

"என்கிட்டயும் கொஞ்சம் பயப்படுங்க."

அறை சிரித்தது. இரண்டாவது வரிசையில் ஒரு நர்ஸ், ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தவள், எழுந்தாள். "உங்க வீட்டுக்காரர் படிச்சாரா மேடம்?"

"படிச்சார். எழுத்துப்பிழை பதினொண்ணு கண்டுபிடிச்சார். அதுக்கப்புறம் ஒரு வாரம் வீட்டுத் தாழ்ப்பாளுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். ஏன்னு நான் கேக்கல."

ஓரத்தில் நின்றிருந்த ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். "நல்லா எழுத வருதேம்மா. கடைசியில அந்தப் பொம்பளைக்கு ஒரு தண்டனை வெச்சிருந்தா, குடும்பத்தோட படிக்கலாமே?"

"தண்டனை குடுக்க கோர்ட் இருக்குய்யா, ஜெயில் இருக்கு, சொந்தக்காரங்க இருக்காங்க. அவளுக்குக் கெடைக்காத ஒரே எடம், அவள எடை போடாம உக்கார வைக்கிற எடம். அத நான் குடுத்தேன். அதையும் பிடுங்கச் சொல்றீங்களே."

"அப்ப நீங்க எழுதுறது தப்பில்லங்கிறீங்க?"

"அவ செய்யறது சரியான்னு கேளுங்க, எனக்குத் தெரியாது. நான் எழுதினது தப்பான்னு கேளுங்க, இல்ல. நாலு வாட்டி திருத்தி எழுதியிருக்கேன்."

பன்னிரண்டு மணி. நூலகர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பதிவாளர் கடிதத்தை எடுத்துக் கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்து வாசிக்கப் பார்த்தார். "இந்நாவலை எழுதிய நான்... ஒழு... ஒழுக்க..." தாள் இன்னும் தள்ளிப் போனது. கை நீளம் போதவில்லை.

"சார், கண்ணாடி பாக்கெட்ல இருக்கு" என்றாள் அவள். தொழில் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. "அதப் போட்டுக்கிட்டா திக்காது."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார். கடிதம் கடகடவென்று ஓடியது: ஒழுக்கத்துக்கு ஊறு விளைவித்தேன், வருந்துகிறேன், இனி எழுதமாட்டேன். அடுத்து நூலகர் அம்மா, பெட்டியில் விழுந்திருந்த புகாரை வாசித்தாள். பெயர் இல்லை. "ஆட்சேபத்துக்குரிய பக்கங்கள்: தொண்ணூற்றேழு முதல் நூற்றுநான்கு வரை."

"ஒரு நிமிஷம்" என்று நர்ஸ் மறுபடி எழுந்தாள். "அந்தப் பக்கமே புத்தகத்துல இல்லையே!"

"என்னது?"

"நான் எடுத்தப்பவே இல்ல. தொண்ணூத்தாறுல அந்தப் பொம்பள வாசல்ல நிக்கிறா. நூத்தஞ்சுல அவ கையில அவனோட பெல்ட் இருக்கு. நடுவுல என்ன ஆச்சுன்னு ஒரு மாசமா எனக்கு ஊசியே சரியா ஏறல."

எனக்கும் இல்லை, எனக்கும் இல்லை என்று அறை முழுக்கக் கை உயர்ந்தது. ஹெல்மெட்காரர் துப்பறிய ஆரம்பித்துவிட்டார். "அப்ப புகார் எழுதின ஆளும் கிழிச்ச ஆளும் ஒருத்தன்தான். யாருன்னு கண்டுபிடிச்சா இந்தக் கடிதத்துல அந்த ஆளு கையெழுத்துப் போடட்டும்!"

பதிவாளரின் நெற்றியில் வேர்வை கண்ணாடி வரை இறங்கியது. நாத்தனாரின் விரல் பையின் ஜிப்பில் இருந்தது. கர்ரென்று அரை அங்குலம் திறந்தும் விட்டது.

மேஜைக்குப் பின்னால் இருந்தவள் எழுந்தாள். வார்த்தை ஒன்று போதும். கடிதமும் புகாரும் அங்கேயே செத்துவிடும். புத்தகம் முன் அலமாரிக்கே வந்துவிடும். பதிவாளர் மட்டும் நாளைக்குக் கடைவீதியில் நடக்கமுடியாது. நாவலின் இருநூற்று நாற்பதாம் பக்கத்தில் அவளுடைய விதவையை ஊர் ஜன்னல் ஜன்னலாக நின்று பார்த்ததே, அது மாதிரி.

"பைய மூடு" என்றாள் நாத்தனாரிடம். பிறகு அறையைப் பார்த்தாள். "கிழிச்சது யாருன்னு யாரும் தேடவேணாம். எட்டுப் பக்கத்தத் திருடி வெச்சுக்கற அளவுக்கு ஒருத்தர் என்னைப் படிச்சிருக்கார். அவர மாதிரி ஆளுக்காகத்தான் நான் எழுதுறேன், அவரக் காட்டிக் குடுக்கறதுக்கு இல்ல. கையெழுத்தும் போடமாட்டேன். புத்தகத்தத் தூக்கறதுன்னா தூக்கிக்கோங்க. ஆனா தூக்கறதுக்கு முன்னாடி இவங்க எல்லாரும் இத்தன நாளு காத்திருந்த எட்டுப் பக்கத்தக் கேட்டுட்டுப் போகட்டும். மனப்பாடமாத்தான் இருக்கு. புடிக்காதவங்க எழுந்து போகலாம்."

ஒருவரும் எழவில்லை. தண்டனை கேட்ட பெரியவர், நிற்பதற்கு வசதியாகச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். சாவி மேஜைக்கு வந்தது. கழுத்து வந்தது. "அவள் நெருங்கினாள். அவன் நகரவில்லை. தன் வலது கையை அவன் பெல்ட்டின் மேல் வைத்து..."

"இடது" என்றது ஒரு குரல்.

நிலத்துக்கு நான்கெல்லை வாசிக்கிற குரல். நாற்பத்தாறு தலையும் மேஜையின் மறுகோடிக்குத் திரும்பின. பதிவாளர் தன் வாயிலிருந்து வந்ததை நம்பமுடியாமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கண்ணைத் திறந்து கொஞ்சம் யோசித்தாள். "ஆமா. இடது கைதான். வலது கையில விளக்கு இருக்கு. நன்றி சார்." பிறகு அறையைப் பார்த்து அதட்டினாள்: "அங்க என்ன பார்வை? கதை இங்க நடக்குது."

தலைகள் திரும்பின. ஆனால் அவள் அடுத்த வரியைத் தொடங்குவதற்குள் பதிவாளர் எழுந்துவிட்டார். ஃபைலைத் திறந்தார். மடிப்பு மடிப்பாக இருந்த நாலு தாளையும் கையால் நீவி, எல்லோரும் பார்க்க மேஜைமேல் வைத்தார்.

"அடுத்த வரியும் நீங்க தப்பாத்தாம்மா சொல்லுவீங்க. இதப் பாத்தே வாசிங்க."

"சார், அப்ப முடிவு?" என்றாள் நூலகர் அம்மா.

"புகாரை வாபஸ் வாங்கிட்டேன். எழுதினவனுக்கு அந்த உரிமை உண்டு, விதி ஆறு."

நூலகர் அம்மா மேஜை இழுப்பறையைத் திறந்து பசை டப்பாவையும் கத்தரிக்கோலையும் எடுத்தாள். கிழிந்த தாளை மறுபடி புத்தகத்தில் சேர்க்க, நடுவில் பட்டையாக ஒட்டுவதற்குத் தடித்த தாள் வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தாள். மேஜைமேல் கையெழுத்தில்லாத ஒரு கடிதம் சும்மா கிடந்தது.

"எத்தன பட்டை வேணும்?" என்றார் பதிவாளர், கத்தரிக்கோலைக் கையில் வாங்கியபடி.

"நாலு. ஆனா அம்மா வாசிச்சு முடிக்கட்டும் சார், அப்புறம் ஒட்டலாம்."

அவர் முதல் பட்டையை நேராக வெட்டினார். "வருந்துகிறேன்" வரைக்கும் போனது.

நாலு தாளையும் கையில் எடுத்துக்கொண்டு அவள் தொடர்ந்தாள், இடது கையிலிருந்து.