பதினைந்தில் ஒரு பங்கு நொடி

ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். சீருடையைத் தேய்த்தேன். மகளை எழுப்பிக் குளிக்கவைத்து இரண்டு பின்னல் போட்டேன். ஒன்று கோணல்.

அன்று ஒன்றாம் தேதி. ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் சமையலறை ஜன்னலோரம் மகளை நிறுத்தி ஒரு படம் எடுப்பாள் என் மனைவி. பிறந்த மாதத்திலிருந்து ஒன்றுகூட விடவில்லை. அவள் போய் நாலு மாதம். அந்த நாலு மாதப் படங்களையும் நான் எடுத்தேன். நாலிலும் ஜன்னல் தெளிவு, மகள் புகை.

கேமரா மேனுவலில் இருந்தது; எல்லாவற்றையும் கையால்தான் வைக்க வேண்டும். ஷட்டர் திறந்து மூட பதினைந்தில் ஒரு பங்கு நொடி; அதற்குள் அசைந்தால் படம் கலங்கிவிடும். மனைவி கடைசியாக எடுத்தது மகள் தூங்கும் படம். அதற்கு வைத்த எண். அதை நான் தொடவில்லை. மகளைத்தான் மாற்றப் பார்த்தேன்.

"ஆடாம நில்லுடா கண்ணு. மூச்சுகூட விடாதே."

கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றாள். அமுக்கும் நேரத்தில் சிரித்துவிட்டாள். ஓடிவந்து திரையைப் பார்த்தாள்.

"எனக்கு மூஞ்சியே இல்லப்பா. அம்மா எடுத்தா மூக்கெல்லாம் வரும்."

"ஒழுங்கா நின்னாதானே வரும்!"

கத்திவிட்டேன். அவள் உதடு பிதுங்கியது.

மனைவியின் தம்பிக்கு போன் போட்டேன். அவனுக்குக் கேமராதான் பிழைப்பு.

"விட்டா பிள்ளையைக் கட்டிப்போட்டு எடுப்பீங்க போல மாமா. ஷட்டரைத் திருப்புங்க."

"உங்க அக்கா வெச்ச நம்பர்டா அது."



"அக்கா எங்க ஒரு நம்பர்ல நின்னா? ஒரு படத்துக்குப் பத்து தடவை திருப்புவா. திருப்புங்க மாமா. ஸ்கூல் வண்டி வந்துடும்."

இருநூற்றைம்பதில் ஒரு பங்கு வரை திருப்பினேன். படம் கரியாக வந்தது. வெளிச்சம் கூட ஐஎஸ்ஓவை ஏற்றச் சொன்னான். ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். மகள் அதற்குள் அழுகையை மறந்து குதித்துக்கொண்டிருந்தாள். அமுக்கினேன்.

படமெங்கும் மணல் தூவியதுபோல் புள்ளிகள். நடுவில் கண், பல், அந்தரத்தில் நிற்கும் கோணல் பின்னல்.

"மூக்கு வந்துருச்சு மாமா!" என்று போனில் கத்தினாள் மகள்.

கடைசியாக மனைவி மகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாளா என்று துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாசலில் கேமராவை என் கையில் கொடுத்தாள். போகும் வழியிலேயே நினைவு தப்பியது. கொடுக்கும்போது சொன்னதுதான் கடைசி.

"எதையும் திருகிவைக்காதீங்க. நான் வந்து பாத்துக்கறேன்."