பால் காய்ச்சுக்கு வைத்த சட்டி

ஸ்டூலில் ஏறி நின்று பரணுக்குள் கையை விட்டுப் பாண்டீஸ்வரி அந்தச் சட்டியை இழுத்தாள். சுற்றியிருந்த பேப்பர் கிழிந்து தலையில் தூசி கொட்டியது. வெளியே பந்தலுக்குக் கீழே பெஞ்சில் அவள் அம்மா இருளம்மாள் கிடந்தாள். குளிப்பாட்டுவதற்குப் பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“மதினி, அதை எதுக்கு எடுக்கீக?” தம்பி பொண்டாட்டி வெங்கடேஸ்வரி ஓடி வந்தாள். “புது வீட்டுப் பால் காய்ச்சுக்கு வச்சிருக்கது. சாவுக்குத் தொட்டுட்டா பொறவு அதை அடுப்புல ஏத்த முடியுமா?”

“வெந்நி வைக்கணும்.”

“அதுக்குத்தான் கொல்லையில பழசு கிடக்கே.”

“அந்தப் பழசுதான் எங்கம்மா தொடையில கவுந்துச்சு. அதுலயே மோந்து ஊத்தி அனுப்பச் சொல்றியா?”

வெங்கடேஸ்வரி ஒதுங்கி வழி விட்டாள்.

வேலைக்குப் போகும் அவசரத்தில் இருளம்மாள் சோறு வடிக்கத் தூக்கிய சட்டி. கொதிக்கிற கஞ்சி இடுப்பிலிருந்து பாதம் வரை இறங்கியது. சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். எப்படியம்மா கவிழ்ந்தது என்று கேட்கும்போதெல்லாம் இருளம்மாள், “கை நழுவிருச்சுட்டி,” என்று சுவரைப் பார்த்துக்கொள்வாள். கட்டடம் கட்டடமாகக் கலவைச் சட்டி சுமந்த கை. சாரத்தில் ஏறும்போதுகூட நழுவாத கை.

பந்தலில் தம்பி அழகுராஜா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். “கண்ணு சரியாத் தெரியல அவியளுக்கு. தடுமாறிட்டாக. சட்டி ஆட்டங் கண்டுருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற வாங்கிக் குடுத்துருக்க மாட்டனா?”



வேற சட்டி முன்னமே வாங்கியாகிவிட்டது. அவன் வாங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பாண்டீஸ்வரி வாழ்க்கைப்பட்ட தெருவுக்கு அடுத்த பாத்திரக் கடையில் இருளம்மாளே வாங்கினாள். பளபளப்பாக இருந்த சில்வர் பாத்திரங்களை ஒதுக்கினாள். “அடி பிடிக்கும். தேய்க்க எவ இருக்கா?” இண்டாலியம் சட்டி ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடியைத் தடவினாள். விளிம்பைக் கட்டைவிரலால் அமுக்கினாள். கைப்பிடியைப் பிடித்து உலுக்கி, ஆணி உள்பக்கம் அடங்கியிருக்கிறதா என்று நகத்தால் பார்த்தாள்.

“ஆத்தா, சட்டி வாங்குறியா, மாப்பிள்ளை பாக்குறியா?” என்றான் கடைக்காரன்.

“மாப்பிள்ளை சரியில்லைன்னா விட்டுட்டு வந்துரலாம்யா. சட்டியோட தெனமும் மல்லுக்கட்டணும்ல.”

கடையே சிரித்தது. வரும் வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்திருந்தாள். “அடி நல்ல கனம்ட்டி. காலையில இறக்கி வச்சா, வேலை முடிஞ்சு வந்து தின்னாலும் சூடு நிக்கும்.”

அதில் ஒரு நாள்கூட அவள் சோறு பொங்கவில்லை. “இம்புட்டுக் கனமா இருந்தா கேஸை அம்புட்டும் குடிச்சிரும். நம்ம பால் காய்ச்சுக்கு இருக்கட்டும்,” என்று அழகுராஜாதான் பேப்பர் சுற்றிப் பரணில் ஏற்றினான். “இருக்கட்டும், அவன் ஆசைப்படுதான்,” என்றாள் இருளம்மாள். சோழபுரம் ரோட்டில் எழும்பிய அந்த வீட்டுக்கும் அவள்தான் சித்தாள். மகன் வீடு என்று சம்பளம் கேட்கவில்லை. மகனும் கொடுக்கவில்லை.

பாண்டீஸ்வரி வாசலில் செங்கல்லைக் கூட்டி விறகு எடுக்கக் கொல்லைக்குப் போனாள். துவைகல்லுக்குப் பக்கத்தில் பழைய சட்டி கிடந்தது. விபத்துக்குப் பிறகு இப்போதுதான் அதைக் கையில் எடுக்கிறாள். ஒரு பக்கக் கைப்பிடியில் ஒற்றை ஆணிதான் மிச்சம். அது கழன்றுவிடாமல் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. ஒரு சுற்றின்மேல் மறு சுற்று ஏறாமல், நெருக்கமாக, வரிசையாக. தூக்கியதும் கைப்பிடி சுழன்று சட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கம்பியைத் தடவிப் பார்த்தாள். மோட்டார் காயிலுக்குச் சுற்றுகிற கம்பி. ஊரணிக்குப் பக்கத்தில் அழகுராஜா நடத்துவது மோட்டார் வைண்டிங் கடை.

கை நழுவிருச்சுட்டி.

விறகை அள்ளிக்கொண்டு வந்து புதுச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். கரி அதன் அடியில் அப்பி விளிம்புவரை ஏறியது. பக்கத்து வீட்டுச் சுடலைமாடத்தி குனிந்து பார்த்தாள்.

“ஏட்டி, செத்தவளுக்கு என்னத்துக்கு வெந்நி?”

“புண்ணுல பச்சத்தண்ணி பட்டா துடிச்சிருவா சித்தி.”

சுடலைமாடத்தி ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டாள். பந்தலிலிருந்து அழகுராஜா கத்தினான். “அக்கா, நேரமாகுது. வண்டி வந்து நிக்கி.”

“கனமான சட்டி. சூடேற செத்த நேரம் ஆகும். நில்லுலே.”

வெந்நீர் கொதித்ததும் இரண்டு கைப்பிடியையும் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினாள். சட்டி ஆடவில்லை. பச்சைத்தண்ணீர் விட்டு விளாவி, கால் புண்ணில் கையைக் குறுக்கே வைத்து மெதுவாக ஊற்றினாள்.

வண்டி போனபின் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பந்தக்காலோரம் கவிழ்த்திருந்த புதுச் சட்டியைப் பாண்டீஸ்வரி தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடு நின்றது. கொல்லைக்குப் போய்ப் பழைய சட்டியை எடுத்து வந்தாள். விளிம்பு தட்டத் தண்ணீர் ஊற்றி அதே அடுப்பில் வைத்தாள்.

அழகுராஜா மொட்டைத் தலையோடு, தோளில் ஈரத்துண்டோடு வந்தான். கண் வீங்கியிருந்தது. கூட வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள்.

“குளிக்க வெந்நி வச்சிருக்கேன். தூக்கிட்டுப் போ,” என்றாள்.

அவன் குனிந்தான். கைப்பிடிகளை நோக்கிப் போன கைகள் பாதியில் நின்றன. தோள் துண்டை எடுத்து மடித்து, விளிம்பை இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்தான்.

“கைப்பிடியைப் பிடிலே,” என்றாள் பாண்டீஸ்வரி.

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தூக்கவும் இல்லை, விடவும் இல்லை. குனிந்தபடியே இருந்தான். மொட்டைத் தலையில் ஆவி அடித்துக்கொண்டிருந்தது.