முதல் பெட்டி யார் கையால்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. கம்பம் பக்கத்து வியாபாரிகள் சங்கம் ஒன்று ஆண்டுவிழா மலர் போட்டது. ‘வேலையாட்களிடம் பாகுபாடு காட்டியதாக வழக்கு வராமல் சிறு முதலாளிகள் தப்பிப்பது எப்படி’ என்று பத்து யோசனைகள் எழுதித் தரச் சொன்னார்கள். சட்டம் படித்தவர்கள் ஓசியில் எழுத மாட்டார்கள் என்பதால் என்னிடம் வந்தார்கள். நான் ஓசியில் எதையும் எழுதுவேன். [காதுகுத்துப் பத்திரிகைகூட எழுதியிருக்கிறேன். அத்தை பெயர் விட்டுப்போய்ச் சண்டையானது வேறு கதை.]

‘ஓர் உதாரணத்தோடு தொடங்கலாம்’ என்று நினைத்ததுதான் தப்பு. உதாரணத்துக்கு வந்து உட்கார்ந்த ஆள் எழுந்து போகவே இல்லை.

2

முதல் தொடக்கம்: ‘மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில், பச்சைப் பசேலென்று—’

வேண்டாம். அந்த மலை எல்லாக் கதைக்கும் மடி கொடுத்துக் களைத்திருக்கிறது.

இரண்டாவது: ‘சுருளிராஜன் கெட்டவரல்ல.’

இப்படி ஆரம்பித்தால் அவர் கெட்டவர்தான் என்று நீங்களே முடிவுகட்டிவிடுவீர்கள். நேராகவே சொல்கிறேன்.

2006. கூடலூரில் சுருளிராஜனுக்கு ஒரு திராட்சைக் கொட்டகை. தோட்டங்களிலிருந்து வரும் பன்னீர்த் திராட்சையைப் பெண்கள் மேசையில் கொட்டி, அழுகலைக் கத்தரித்து, பெட்டியில் தாள் விரித்து அடுக்குவார்கள். லாரி குமுளி வழியாகக் கேரளம் போகும். பருவத்தின் முதல் பெட்டியை எப்போதும் நாகஜோதிதான் அடுக்கிக் கற்பூரம் காட்டுவாள். அவள் அடுக்கிய வருடம் எதிலும் விலை விழுந்ததில்லை என்பது சுருளிராஜனின் நம்பிக்கை. ராசிக்கை, ராசிக்கை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கோட்டயத்து வியாபாரிகூடப் போனில் விலை கேட்பதற்கு முன்னால், “ஜோதிச்சேச்சி பெட்டி கெட்டியோ?” என்று, அதாவது ஜோதியக்கா பெட்டி கட்டியாச்சா என்றுதான், மலையாளத்தில் கேட்பான்.

அந்தக் கோடையில் அவள் புருஷன் ஓட்டிய ஜீப், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் இறக்கிவிட்டுத் திரும்பும்போது மலைச்சாலையில் உருண்டது.

[ஜீப்பை உருட்டியது நான்தான். கதைக்கு அவள் தாலி போக வேண்டியிருந்தது. இப்படி எழுதிப் பார்க்கும்போதுதான், தன் வசதிக்கு ஆளை மாற்றுவதில் எழுதுகிறவனும் ஒரு முதலாளி என்பது உறைக்கிறது.]

3

சாவு வீட்டில் பந்தல் போட்டது முதல் எல்லாவற்றையும் சுருளிராஜன்தான் நின்று நடத்தினார். துக்கம் கழிந்து நாகஜோதி வேலைக்கு வந்தபோது, மேசையில் அவள் இடத்தில், கூட வேலை பார்க்கும் கிருபாவதி நின்றுகொண்டிருந்தாள்.

“நீ பின்னால போயிருத்தா. தாள் வெட்டுற வேலைதான். நெழல்ல உக்காந்து செய்யலாம். கூலி அதேதான்.”

“நான் நெழலு கேக்கலையேண்ணே.”

“பருவம் தொடங்குற நேரம். நாலு பேரு நாலு சொல்லுவான். உன்னய யாரும் ஒண்ணு சொல்லிறக் கூடாதுன்னுதான்.”

“நாலு பேரு யாருண்ணே? இங்கன நீங்க ஒருத்தருதான நிக்கிறீக.”

சுருளிராஜன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“ராசி என் கையில இருந்துச்சா, கழுத்துல இருந்துச்சா? அதை மட்டும் சொல்லுங்க, போயிர்றேன்.”

அவர் கிருபாவதி பக்கம் திரும்பி, தாளை ஒழுங்காக விரிக்கச் சொன்னார். நாகஜோதி கொட்டகையின் பின்பக்கம் போகவில்லை, வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நாளில் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

4

சுருளிராஜன் உத்தமபாளையத்துக்கு ஓடினார். அங்கே வக்கீல் பொன்னுராஜ், அவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் அடி வாங்கியவர்.

“யோவ், இதுல ஒரு வரிகூட அந்தப் பிள்ளை இட்டுக்கட்டலை. பூராம் நீ டீக்கடையில பெருமையாச் சொன்னது.”

“நல்லது செஞ்சேன்னு சொன்னேன்ப்பா.”

“அதான் எழுதியிருக்கு. தாலி அறுத்தவ மொத பெட்டியத் தொட வேணாம்னு நானே பக்குவமா ஒதுக்கி வச்சேன்னு சொன்னியாமே. சாட்சிக்கு டீ மாஸ்டர்.”

“அவ என்னதான் கேக்குறா?”

“மேசையில பழைய இடம். மொத பெட்டி. வேற ஒண்ணும் இல்ல.” பொன்னுராஜ் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். “ஆளை மாத்துனா வேலையக் காரணம் காட்டு. கை மெதுவாப் போச்சுன்னு எழுதிக் குடு. தாலியச் சொல்லாத.”

“அவ கையா மெதுவு? எவன் நம்புவான்?”

“நம்ப வேணாம். எழுதுனாப் போதும்.”

சுருளிராஜன் பேனாவைத் திறந்தார். ஊரெல்லாம் தான் மெச்சிய கையை மெதுவு என்று எழுத வேண்டும். பேனாவை மூடிவிட்டு, “ஒரு டீ சொல்லுய்யா” என்றார்.*

*சங்கத்துக்குப் பொன்னுராஜின் யோசனை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அது மாட்டாமல் இருக்க வழி. செய்யாமல் இருக்க வழியல்ல. எனக்குத் தேறியது ஒன்றே ஒன்று: ஒருவருக்கு நல்லது செய்யும் முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மிச்சம் ஒன்பதுக்கு மலரில் விளம்பரம் போட்டுக்கொள்ளலாம்.

5

வீட்டில் அவர் மனைவி ஜக்கம்மா சோறு போட்டாள். சுருளிராஜன் சமரசத் திட்டத்தைச் சொன்னார்.

“மேசையில இடம் குடுத்திர்றேன். மொத பெட்டிய மட்டும் கிருபாவதி அடுக்கட்டும்.”

“உங்க ஆத்தா தாலி அறுத்த மறுவருசந்தான் அந்தக் கொட்டகைக்குக் கால் நட்டாக. அன்னைக்கு மொத பெட்டிக்குச் சுமங்கலிய வெளியூர்ல இருந்தா கூட்டியாந்தாக?”

“ஆத்தா வேற.”

“ஏன், அவுகளுக்கு நீங்க கூலி குடுக்கலைங்கிறதாலயா?”

[இந்த வசனம் கதைக்குத் தோதாக வந்து விழுகிறது. தோதாக விழுவதெல்லாம் சந்தேகத்துக்கு உரியது என்று அடித்துவிட்டேன். ஜக்கம்மா விடவில்லை. அவள் கையால் சாப்பிடுகிற மனுஷனே வாயைத் திறக்காதபோது நான் யார்?]

6

முடிவு அ: கிருபாவதி அடுக்கினாள்; விலை விழுந்தது; சுருளிராஜன் திருந்தி—

கிழித்தேன். விலையை வைத்துப் பாடம் நடத்தினால் நானும் ராசி பார்க்கிறவன்தானே.

முடிவு ஆ: வழக்கில் நாகஜோதி ஜெயிக்கிறாள். விசாரித்த தொழிலாளர் துறை அதிகாரி பெண்ணுரிமை பற்றி நீளமாக—

அதிகாரி பேசப் பேச எனக்கே கொட்டாவி வந்தது.

முடிவு இ: சுருளிராஜன் கண்ணீரோடு கற்பூரத் தட்டை நீட்டுகிறார். நாகஜோதி, “விடுங்கண்ணே” என்கிறாள்.

இதை அழுதுகொண்டே எழுதினேன். மூக்கைத் துடைத்த பிறகுதான் தெரிந்தது: அவரை மன்னிக்கிற வேலையையும் அவள் தலையில் கட்டியிருக்கிறேன், அதுவும் கூலியில்லாமல்.

7

ஆக, இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பருவத்தின் முதல் நாள், விடிகாலை. “மேசைக்கு வரச் சொல்லு” என்று சுருளிராஜன் ஆள் அனுப்பியிருந்தார். முதல் பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாகஜோதி வந்துவிட்டாள். தாள் விரித்த பெட்டி காலியாக இருக்கிறது. கிருபாவதி கையில் ஒரு குலை. அதை உள்ளே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறாள்.

“யாராச்சும் அடுக்குங்கத்தா, மலை ஏறணும்ல” என்று லாரிக்காரர் சத்தம் போடுகிறார். அவசரத்தில் சுருளிராஜன் கற்பூரத்தை முன்கூட்டியே ஏற்றிவிட்டார். பித்தளைத் தட்டு கையில். அந்த நேரம் பார்த்துப் போன் அடிக்கிறது. இன்னொரு கையால் எடுத்துக் காதில் வைக்கிறார். கோட்டயத்துக் குரல்.

“ஜோதிச்சேச்சி பெட்டி கெட்டியோ?”

நாகஜோதி அவரையே பார்க்கிறாள்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. எனக்குச் சுருளிராஜனைப் பிடிக்கும். எழுத விட்டால் நல்லவராக்கிவிடுவேன். மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் நீங்களும் ஒரு கடைக்காரர்தான். உங்கள் கடையின் பின்பக்கமும் யாரோ ஒருத்தி தாள் வெட்டிக்கொண்டிருக்கலாம், நிழலில், உங்கள் தயவில். போனை உங்கள் காதுக்கு மாற்றுகிறேன். தட்டையும் பிடியுங்கள்.

சுடும். சீக்கிரம் சொல்லுங்கள்.