அம்பு காட்டிய பக்கம்

மூன்றாம் நம்பர் மெஷின் நிமிஷத்துக்கு நாற்பது தடவை வாயை மூடித் திறந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு மசாலாக் கடலை பாக்கெட் தொப்பென்று தட்டில் விழுந்தது. பியாட்ரிஸ் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒட்டின விளிம்பில் சுருக்கம் இல்லை. பதினோரு வருஷமாக பெங்களூர் அடுகோடியின் இந்த ஷெட்டில் அவள் ஒட்டியது எதுவும் சுருங்கியதில்லை.

"அக்கா, மெஷினை நிறுத்துங்க."

சூப்பர்வைசர் ரகுராம். தர்மபுரியிலிருந்து வந்து எட்டு மாதம்தான். கையில் ஓர் அட்டைப் பெட்டி. உள்ளே பதினாறு பாக்கெட்டுகள். வாங்கினவர்கள் திருப்பி அனுப்பியவை. ஒன்றில் பல் தடம். இன்னொன்று வயிறு வெடித்துக் கிடந்தது.

"பிரிக்கவே முடியலையாம். பஸ்ல ஒருத்தர் இழுத்த இழுப்புல, மொத்தக் கடலையும் முன்சீட்டு அம்மா தலையில."

இரண்டாம் மெஷினிலிருந்து ஃபாத்திமா சிரித்தாள். "பூ வச்ச மாதிரி இருந்திருக்கும்!"

ரகுராம் சிரிக்கவில்லை. "பதினாறும் மூணாம் நம்பர்ல ஒட்டினது. அஞ்சு மணிக்குள்ள அல்சூர் ஆபீசுக்குக் காரணம் அனுப்பணும். ஆபரேட்டர் தப்புன்னா, நாளையிலேருந்து உங்களை வர வேணாம்பாங்க."

மணி மூன்றே முக்கால்.

பயம் வருவதற்குள் பியாட்ரிஸுக்குக் கேள்வி வந்துவிட்டது. சூடு அதே நூற்று நாற்பத்தைந்து டிகிரி. கையும் அதே கை. அப்புறம் எப்படி?

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தாள். மேலே வலது மூலையில் சிவப்பு அம்பு, 'ஓப்பன் ஹியர்' என்றது. அங்கேயே பிடித்து இழுத்தாள். கிழியவில்லை. சூயிங்கம் மாதிரி நீண்டது. பல்லைக் கடித்து இழுத்தாள். நீண்டது.

"இன்னாடி, பாக்கெட்டோட குஸ்தி? இங்க குடு." ஃபாத்திமா வாங்கினாள். சரக்! நூல் பிடித்த மாதிரி நேராகப் பிரிந்தது. இரண்டு கடலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"எப்படிடி?"

"கையாலதான்."

"எந்தக் கையால?"

ஃபாத்திமா இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "இந்தக் கையாலதான் எங்க வூட்ல எவ்ளோ திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா?"

பியாட்ரிஸ் அடுத்த பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இடது விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு வெட்டு. மெஷினில் இருக்கும் சின்னக் கத்தி போடுகிற வெட்டு. அம்போ வலது பக்கம். ஓடிப்போய் ஃபாத்திமா தட்டிலிருந்து பழைய படம் போட்ட பாக்கெட் ஒன்றை எடுத்து வந்தாள். அதில் அம்பும் இடது பக்கமே இருந்தது.

"சார், வெட்டு ஒரு பக்கம், அம்பு ஒரு பக்கம். புதுப் படம் போட்ட பாக்கெட் ரோல் மூணாம் நம்பர்ல மட்டும்தானே ஓடுது?"

ரகுராம் இடது பக்கம் பிடித்து இழுத்தான். சரக். இன்னொன்று. சரக். "அட!" என்றான். மூன்றாவதையும் பிரித்தான். "வாழையிலை படம் புதுசா சேத்தாங்கக்கா. எடம் பத்தாம அம்பைத் தள்ளிட்டாங்க."

உடனே ஆபீசுக்குப் போன் போட்டான். உற்சாகமாக ஆரம்பித்தான். பிறகு கன்னடத்தில் "ஹௌது சார்", ஆமாம் சார், என்றான். மறுபடியும் "ஹௌது சார்". போனை வைத்தான்.

"இன்னும் நாப்பது ரோல் கிடக்காம், அதையும் ஓட்டித்தான் ஆகணுமாம். டிசைன் மேலிடத்துல ஓகே ஆனதாம்."

செல்போனைத் திருப்பிக் காட்டினான். புகார் பக்கத்தில் காரணம் என்று மூன்று கட்டங்கள்: சூடு, மெஷின், ஆபரேட்டர்.

"சூடு சரின்னு மீட்டர்ல பதிவாயிருக்கு. மெஷின் சரின்னு மெக்கானிக் நேத்துதான் எழுதிக் குடுத்தாரு." திரையைக் கீழே தள்ளினான். கீழே வெறும் வெள்ளை. "டிசைன்னு ஒரு கட்டமே இல்லக்கா."

"கையால எழுத முடியாதா?"

"தொடத்தான் முடியும்."

"மீட்டருக்கு சாட்சி கீது, மெஷினுக்கு சாட்சி கீது," என்றாள் ஃபாத்திமா. "இவளுக்கு?"

நாலு ஐம்பத்திரண்டு. ரகுராம் மூன்றாவது கட்டத்தைத் தொட்டான். "கையெழுத்துக்கா. விரலால போட்டாப் போதும்."

பியாட்ரிஸ் ஆள்காட்டி விரலை வைத்து இழுத்தாள். திரையில் ஒன்றும் விழவில்லை. ஏப்ரனில் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள். சூடு ஆறாத விளிம்புகளைத் தடவித் தடவி நுனித் தோல் காய்ந்து, ரேகை இல்லாமல் மினுமினுத்தது.

"வேற விரல் வைங்கக்கா."

நடுவிரல். இல்லை. மோதிர விரல். அதுவும் இல்லை.

ரகுராம் செல்போன் அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சுண்டு விரலை வைத்தாள். மெல்லிசாக ஒரு கோடு கிளம்பியது.