முடிச்சை நனைத்தவள்

"அது தப்புப் பண்ணிட்டா யாரை அடிப்பீங்க?"

கதிர்காமத்து அரசுப் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சின்னப் பெண் இப்படிக் கேட்டாள். கல்லூரி மாணவர்கள் தாங்கள் செய்துகொண்டிருந்த செயற்கைக்கோளின் அட்டை மாதிரியைக் குழந்தைகளுக்குக் காட்டப் போயிருந்த நாள் அது. இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்கிவிடுகிற சதுரப் பெட்டி. இது பூமியைச் சுற்றும், கடலைப் படம் பிடிக்கும், கூப்பிட்டால் பதில் சொல்லும் என்று அணித்தலைவன் விமல்ராஜ் விளக்கி முடித்ததும்தான் இந்தக் கேள்வி வந்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பேராசிரியர் பஞ்சநாதன் மட்டும் சிரிக்கவில்லை.

"யாரையும் அடிக்க மாட்டோம் கண்ணு. யாருன்னு கண்டுபிடிப்போம்."

"கண்டுபிடிச்ச அப்புறம்?"

அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று சிரித்தவர்களில் கவிநிலாவும் ஒருத்தி. எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

கவிநிலா வீராம்பட்டினத்துப் பெண். அப்பா கட்டுமரத்தில் தொடங்கி இப்போது ஃபைபர் படகில் போகிறவர். அம்மா மீன் விற்கிறவள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கவிநிலா அறுந்த வலையை மடியில் போட்டு முடிச்சுப் போட உட்கார்ந்துவிடுவாள். அதனால் கல்லூரிச் செயற்கைக்கோளில் அவளுக்கென்றே ஒரு வேலை காத்திருந்தது போலாயிற்று.

அந்தப் பெட்டிக்கு நான்கு ஆன்டெனாக்கள். தையற்காரர் அளவெடுக்கும் டேப் போல மெல்லியவை, ஆனால் எஃகு. அவற்றை மடக்கிப் பெட்டியோடு சேர்த்து ஒரு நைலான் நரம்பால் கட்டிவைக்க வேண்டும். மீன் பிடிக்கிற அதே தங்கூஸ் நரம்புதான். மேலே போனதும் நரம்பை ஒட்டியிருக்கும் அரிசி மணியளவு ரெசிஸ்டர் ஒன்று சூடாகி நரம்பை உருக்கும். ஆன்டெனா 'டக்'கென்று விரியும். விரியாவிட்டால் பெட்டி ஊமை. கோடிக்கணக்கான மைல் சுற்றினாலும் ஒரு வார்த்தை பேசாது.

அந்த நரம்பை யார் கட்டினாலும் தளர்ந்தது. விமல்ராஜ் கட்டினான், அவிழ்ந்தது. சார் கட்டினார், அறுந்தது. கவிநிலா கட்டினாள், நின்றது.

"இவ கையில ஆண்டவன் ஏதோ ஊக்கு வச்சு அனுப்பியிருக்கான்டா," என்றான் விமல்ராஜ். அன்றிலிருந்து முடிச்சு அவளுடையது.

தூசி புகாத அறைக்குள் பஞ்சநாதன் சார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்த வேலைக்கும் இரண்டு பேர். செய்கிறவர் கை, பார்க்கிறவர் கண். கை தவறினால் கண் சொல்ல வேண்டும். கவிநிலாவின் கண், அறிவுமதி. முதலியார்பேட்டைக்காரி. அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடியபிறகு ஒரு நகைக்கடையில் காவலாளி. முதல் வருஷத்திலிருந்து இரண்டு பெண்களும் ஒரே டிபன் டப்பாவில் கை போட்டவர்கள். இவள் மீன் குழம்பு, அவள் தயிர்சாதம்.

செவ்வாய்க்கிழமை கடைசிச் சோதனை. வெள்ளிக்கிழமை காலை பெட்டியை ஏவுதளத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் ராக்கெட்டில் அந்த இடம் காத்திருக்கும் வேறொரு கல்லூரிக்குப் போய்விடும். இவர்களுக்கோ இது கடைசி வருஷம். மறுபடி ஒரு ராக்கெட் கிடைக்கும்போது அணியில் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள்.

விமல்ராஜ் கணினியில் உத்தரவைத் தட்டினான். பத்து விநாடியில் 'டக்' கேட்க வேண்டும்.

பத்து போயிற்று. இருபது. ஒரு நிமிடம்.

குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. விமல்ராஜ் மறுபடியும் தட்டினான். மறுபடியும். "செங்கழுநீரம்மா," என்று மாஸ்க்குக்குள் தன் ஊர் அம்மனைக் கூப்பிட்டாள் கவிநிலா.

"யாரும் எதையும் தொடாதீங்க," என்றார் சார்.

அரைமணி நேரத்தில் ஆன்டெனாப் பலகை மைக்ரோஸ்கோப்பின் கீழ் இருந்தது. பக்கத்துத் திரையில் அது பெரிதாகத் தெரிந்தது. ரெசிஸ்டரின் காலடியில் பாசி படர்ந்ததுபோல ஒரு பச்சை. அந்தப் பச்சைக்கு அடியில், தலைமுடி அகலச் செம்புக் கோடு ஒன்று அரித்துப்போய் அறுந்திருந்தது. மின்சாரம் அதைத் தாண்டிப் போகவேயில்லை.

"உப்பு," என்றார் சார். "நரம்பு வழியா இறங்கியிருக்கு பாருங்க, ஒரு சொட்டு. காய்ஞ்ச தடம் தெரியுது. ரெண்டு மாசமா உக்காந்து அரிச்சிருக்கு. இது காத்துல வர்ற உப்பு இல்ல. மனுஷ உப்பு. வேர்வையா இருக்கும். இல்லன்னா எச்சில்."

எச்சில்.

இரண்டு மாதம் முன்பு முடிச்சுப் போட்ட அந்த நாளைக் கவிநிலாவின் நாக்கு அவளைக் கேட்காமலேயே ஞாபகப்படுத்தியது. நைலான் நரம்பைக் காய்ந்தபடியே இறுக்கினால் உரசிச் சூடேறி முடிச்சில் வலு போய்விடும். அதனால் கடலோரத்தில் யாரும் முடிச்சை வாயில் ஒருமுறை வைத்து நனைக்காமல் இறுக்குவதில்லை. யாரும் சொல்லித் தருவதுமில்லை. மூச்சு விடுவதுபோல அது தானாக வருவது. அன்று மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, தலையைக் குனிந்து, நாவால் ஒரு தொடு. அவ்வளவுதான். அவள் முடிச்சு மட்டும் நின்றதன் ரகசியமும் அதுதான். அந்த ரகசியம் அவளுக்கே இந்த நிமிடம்தான் தெரிந்தது.

இருபது பேர் நான்கு வருஷம் கண் விழித்துச் செய்ததைத் தன் நாக்கு அழித்துவிட்டது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"நான்தான் சார்."

அறிவுமதியின் குரல்.

"மாஸ்க்க எறக்கி வுட்டுட்டுக் கிட்ட குனிஞ்சு பாத்துட்டு இருந்தேன். தும்மல் வந்துடுச்சு. சொல்லாம வுட்டுட்டேன்."

கவிநிலா திடுக்கிட்டுத் திரும்பினாள். அறிவுமதி அவளைப் பார்க்கவேயில்லை. திரையிலிருந்த பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தும்முனியா? தும்முனத உடனே சொல்ல வாய் வரலியா உனக்கு?" என்று கத்தினான் விமல்ராஜ். "கேன்டீன்ல மட்டும் வாய் காது வரைக்கும் போவுது!"

சார் கையமர்த்தினார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "கார்டைக் குடும்மா," என்றார், அவள் கழுத்திலிருந்த அனுமதி அட்டையைக் காட்டி. அழுக்குப் பட வைத்தவர், விசாரணை அறிக்கை முடியும்வரை அறைக்குள் வரக்கூடாது என்பது விதி. வெள்ளிக்கிழமை பெட்டியோடு ஏவுதளத்துக்குப் போக இரண்டு மாணவர்கள்தான், விமல்ராஜும் அறிவுமதியும். அந்தப் பட்டியலில் அறிவுமதியின் பெயரைச் சார் பேனாவால் அடித்தார். அவள் அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நகைக்கடை முதலாளியிடம்கூட.

படிக்கட்டில் ஓடிப்போய்க் கவிநிலா அவள் கையைப் பிடித்தாள்.

"ஏன்டி பொய் சொன்ன? நீ தும்மவே இல்லயே!"

"கத்தாத. ஸ்பேர் போர்டு இருக்குல்ல? நாளைக்கு மாத்தணும். கட்டணும். டெஸ்ட்டுல ஒரு தடவ நரம்பு உருகிடும், மறுபடி கட்டணும். ரெண்டு முடிச்சு. யாரு கட்டுவா? விமல்ராஜா? அவன் ஷூ லேஸே ஒழுங்கா கட்ட மாட்டான்."

"அதுக்காக..."

"உன் கார்டப் புடுங்கிட்டா பொட்டி இங்கயே கெடக்கும்டி. என் கார்டு போனா ஒண்ணும் ஆவாது." அறிவுமதி சற்று நிறுத்தினாள். "அப்புறம், நான் பாத்தேன். நீ நாக்குல வச்சத."

கவிநிலா பிடித்திருந்த கையை விட்டாள்.

"பாத்தியா?"

"நான்தானே கண்ணு? பாத்துட்டேதான் இருந்தேன். அவ்வளோ அழகா கட்டுனடி. எங்க அப்பா மில்லுல அறுந்த நூல முடிவாராம், கண் மூடித் தொறக்கறதுக்குள்ள. அது ஞாபகம் வந்துச்சு. சொல்லணும்னே தோணல. அதனால பாதி தப்பு என்னுது. போ, போயி வேலையப் பாரு."

தன் பங்கு பாதியென்று சொல்லி முழுதையும் தூக்கிக்கொள்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களை அனுப்பிவைத்தவன் நம்மை மறக்கவில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

புதன்கிழமை பலகையை மாற்றினார்கள். கவிநிலா நரம்பைக் கையிலெடுத்தாள். இந்த முறை பிரேம்குமார் என்ற இன்னொரு மாணவன் கண். முடிச்சு பாதியில் இருக்கும்போது அவள் தலை தானாகக் குனிந்தது. சட்டென்று நிமிர்ந்தாள். ஒரு பஞ்சுக் குச்சியைப் பலகை துடைக்கிற ஆல்கஹாலில் தொட்டு, முடிச்சின் மேல் ஒற்றினாள். இறுக்கினாள். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அவள் நெற்றி வேர்வையைப் பிரேம்குமார் ஓடி வந்து துடைத்துவிட்டான்.

வியாழக்கிழமை காலை உத்தரவைத் தட்டினார்கள். ஏழாவது விநாடியில், 'டக்'. நான்கு ஆன்டெனாவும் இறகுபோல விரிந்தன. விமல்ராஜ் உட்கார்ந்த இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். கைதட்டல் ஓய்ந்ததும் கவிநிலா மறுபடி மடக்கி மறுபடி கட்டினாள், பறப்பதற்கான முடிச்சு. சார் பூதக்கண்ணாடியில் பார்த்துத் தலையசைத்தார். பெட்டியை மூடி முத்திரையிட்டார்கள்.

"அறிவுமதிக்குப் பதிலா நீ போம்மா நாளைக்கு," என்றார் சார். "ஏவுதளத்துக்கு அனுப்ப வேண்டிய பிழை அறிக்கைய மட்டும் நீயே அடிச்சு அனுப்பிடு. அவ எழுதிக் குடுத்தது மேசைல இருக்கு."

எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். மத்தியானம் இரண்டு மணி. கவிநிலா கணினி முன்னால் உட்கார்ந்தாள். அறிவுமதியின் குண்டுக் கையெழுத்தில் தும்மல் கதை ஒரு பக்கம் இருந்தது. அச்சு அசலாக, நம்பும்படியாக. அப்படியே அடித்தால் யாருக்கும் தெரியாது. பெட்டி பத்திரமாக மூடியாகிவிட்டது. இனி இந்த உண்மையால் அதற்கு ஒரு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நாளைய வண்டியில் அவளுக்கு ஜன்னலோர இடம். இன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்ல வேண்டியதுதான். மீன் கூடையை இறக்கிவைத்து அம்மா அவள் கன்னத்தை வழித்து முத்தமிடுவாள்.

அவள் வெகுநேரம் யோசிக்கவில்லை. யோசித்தால் மனது ஒரு நியாயம் கண்டுபிடித்துவிடும் என்று பயந்தாள்.

'காரணம்' என்ற கட்டத்தில் அடித்தாள்: நரம்பின் முடிச்சை இறுக்குவதற்கு முன் நாவால் நனைத்தது. மீனவர் வழக்கம். எச்சிலிலிருந்த உப்பு பலகையில் இறங்கியது. இனி இதற்கு ஆல்கஹால் தொட்ட பஞ்சு பயன்படுத்தப்படும்.

'பொறுப்பு' என்ற கட்டத்தில்: கவிநிலா.

அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: தும்மல் எதுவும் நிகழவில்லை. அறிவுமதியின் அனுமதி அட்டையையும் பயணத்தையும் திருப்பித் தர வேண்டுகிறேன்.

ஏவுதளத்துக்கும் சாருக்கும் அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று திரை காட்டியது. அறிவுமதியின் தாளை நான்காக மடித்துக் கிழித்துக் குப்பையில் போட்டாள். கழுத்திலிருந்த தன் கார்டைக் கழற்றிச் சாரின் மேசை மேல் வைத்தாள். அறை காலியாக இருந்தது. மூடிய பெட்டி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் பாட்டுக்கு இருந்தது.

கீழே கேன்டீனில் அறிவுமதி டிபன் டப்பாவைத் திறக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளோ நேரமாடி? ரிப்போர்ட்டு போயிடுச்சா?"

"போயிடுச்சு," என்றாள் கவிநிலா. தயிர்சாதத்தில் கை வைத்தாள்.